சொட்டுச் சொட்டாய்ச் சர்க்கரை

சில வருஷங்களுக்கு முன்னால் என் அத்தைக்குப் பித்தப்பையில் கல் என்று கண்டு ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அத்தை நீரிழிவுக்காரி. இருபது வருஷமாகச் சர்க்கரை போடாத காபியைக் குடித்துக்கொண்டு, ஒவ்வொரு வேளையும் அதற்காக முகத்தைச் சுளித்துக்கொண்டு, வியாதியை ஒருவாறு கட்டி ஆண்டு வந்தவள். முந்தின ராத்திரி பத்து மணிக்கு மேல் பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்று உத்தரவு. விடியற்காலையில் ஒரு நர்ஸ் வந்து இடது கையில் ஊசியை ஏற்றி, பாட்டில் ஒன்றைத் தொங்க விட்டாள்.

"என்னம்மா இது?" என்றாள் அத்தை.

"குளுகோஸ், பாட்டி. வெறும் வயிறாச்சே. கொஞ்சம் தெம்பா இருக்கும்."

அத்தை என்னைப் பார்த்தாள். இருபது வருஷ விரதம் ஒரு ஊசி முனையில் கலைந்துபோவதைப் பார்ப்பவள் பார்வை அது. எனக்கு என்ன தெரியும்? பேசாமல் இருந்தேன்.

எட்டு மணிக்கு ரத்தம் எடுக்க வந்த பையன், வலது கையில் நரம்பு அகப்படவில்லை என்று சொட்டு இறங்கிக்கொண்டிருந்த இடது கையிலேயே எடுத்துக்கொண்டு போனான். முந்தின நாள் 140 இருந்த சர்க்கரை 486 என்று சீட்டு வந்தது. ஆஸ்பத்திரியே கலங்கிப் போயிற்று. ஆபரேஷன் இல்லை என்றார்கள். இன்சுலின் கொண்டுவா என்றார்கள். அந்தச் சமயத்தில் மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் வந்தார். வயதானவர். சீட்டைப் பார்க்கவில்லை, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பாட்டிலின் மேலே ஒட்டியிருந்ததைப் படித்தார். பிறகு வலது கை விரலில் ஒரு துளி எடுத்துப் பார்க்கச் சொன்னார். 212.

ஆபரேஷன் மறுநாள் சுகமாக நடந்தது. அத்தை இன்றைக்கும் சுளித்த முகத்தோடு காபி குடிக்கிறாள். ஆனால் எனக்கு மட்டும் அந்த இரண்டு எண்களும் மனசை விட்டுப் போகவில்லை. 486 பொய் என்பது புரிந்தது. சர்க்கரைத் தண்ணீர் ஓடுகிற வாய்க்காலிலேயே மொண்டு பார்த்தால் இனிக்காமல் என்ன செய்யும்? 212 பொய் இல்லையே! அது எங்கிருந்து வந்தது? பாட்டிலிலிருந்து கொஞ்சம் வந்திருக்கும். மீதி? கல்லூரியில் ரசாயனத்தை எட்டிப் பார்த்ததோடு நின்றுவிட்டவன் நான். இருந்தாலும் இந்தப் பாட்டிலின் பூர்வோத்தரத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். கதை எழுதுகிறவனுக்கு இதைவிட நல்ல கதை சுலபத்தில் அகப்படாது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. வளர்ந்த ஓர் ஆளின் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம். அதில் நூறு மில்லிக்கு 100 மில்லிகிராம் சர்க்கரை என்று வைத்துக்கொண்டால், உடம்பிலுள்ள ரத்தம் அத்தனையிலும் கரைந்திருப்பது 5 கிராம்தான். ஒரு தேக்கரண்டி! அத்தையின் தலைக்கு மேல் தொங்கியது அரை லிட்டர் பாட்டில். நூற்றுக்கு ஐந்து பங்கு சர்க்கரை. ஆக 25 கிராம். ரத்தம் முழுவதிலும் இருக்கிற சர்க்கரையைப் போல ஐந்து மடங்கு. அது அப்படியே ரத்தத்தில் தங்கிவிடுவதில்லை. சதைக்குள்ளும் ஈரலுக்குள்ளும் இன்சுலின் அதைக் கூட்டிக்கொண்டு போகிறது. கூட்டிப் போக ஆள் இல்லாத வீட்டில் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

இனி, கதை. அது சர்க்கரையில் ஆரம்பிக்கவில்லை, உப்பில் ஆரம்பித்தது. வங்காளத்திலிருந்து கிளம்பிய காலரா 1831-இல் இங்கிலாந்துக் கரையில் இறங்கிற்று. வில்லியம் புரூக் ஓஷானஸி என்று ஓர் ஐரிஷ் வாலிபர். எடின்பரோவில் வைத்தியம் படித்து முடித்து இரண்டு வருஷந்தான் ஆகியிருந்தது. காலராவில் விழுந்தவர்களின் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்து, அதிலிருந்து தண்ணீரும் உப்பும் வெளியேறிவிட்டன, போனதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று எழுதினார். அதைப் படித்த தாமஸ் லாட்டா என்னும் ஸ்காட்லாந்து டாக்டர் 1832 மே மாதத்தில் செய்தே பார்த்துவிட்டார். கண் குழிந்து, நாடி அடங்கி, முடிந்துவிட்டது என்று எல்லோரும் கைவிட்ட ஒரு கிழவியின் சிரையைத் திறந்து (நம் ஜனங்கள் நரம்பு என்கிறார்களே, அது சிரை), உப்பும் சோடாவும் கரைத்த நீரை அவுன்ஸ் அவுன்ஸாகச் செலுத்தினார். அரை மணி நேரத்தில் ஆறு பைண்டு, மூன்று லிட்டருக்கு மேல், உள்ளே போயிற்று. கிழவி கண்ணை விழித்தாள். முகத்தில் களை வந்தது. கை கால்களில் சூடு வந்தது. லாட்டா மகிழ்ந்து, களைத்து, அவளை வேறொருவர் பொறுப்பில் விட்டுவிட்டுப் போனார். மறுபடி வாந்தியும் பேதியும் கண்டன. அவருக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. சில மணி நேரத்தில் கிழவி போய்விட்டாள்.

விட்டுவிட்டுப் போகாமல் இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. அப்புறம் அவர் செய்த சிகிச்சைகளில் சிலர் பிழைத்தார்கள், பலர் பிழைக்கவில்லை. சாகிற தறுவாயில்தான் இதற்குச் சம்மதித்தார்கள்; கிருமி என்று ஒன்று இருப்பதே தெரியாத காலம். லாட்டாவும் 1833-இல் இறந்துபோனார். காலரா ஓய்ந்தது, வைத்தியமும் மறந்தது. ஓஷானஸி கம்பெனி உத்தியோகத்தில் கல்கத்தாவுக்கு வந்து மெடிக்கல் காலேஜில் பாடம் சொன்னார், கஞ்சாவின் குணங்களை ஆராய்ந்தார், கடைசியில் கல்கத்தாவையும் ஆக்ராவையும் பம்பாயையும் சென்னையையும் இணைத்துத் தந்திக் கம்பி போட்டு சர் பட்டமும் வாங்கினார். நம் பாட்டன்மாரைப் பதற வைத்த அந்தத் தந்தியும், ஆஸ்பத்திரியில் தொங்குகிற இந்தப் பாட்டிலும் ஒரே மூளையின் குழந்தைகள் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

உப்பின் கதை இப்படித் தூங்கிக்கொண்டிருக்கையில் சர்க்கரையின் கதை பாரிஸில் ஆரம்பமாயிற்று. சர்க்கரையைச் செடி கொடிகள்தாம் உண்டாக்கும், பிராணிகளுக்குத் தின்று தீர்க்கத்தான் தெரியும் என்று அந்த நாள் பண்டிதர்கள் நம்பியிருந்தார்கள். கிளாட் பெர்னார் என்பவர் ஒரு நாய்க்கு மாமிசத்தைத் தவிர வேறொன்றும் கொடுக்காமல் வளர்த்து, 1848-இல், அதன் ஈரலிலிருந்து வெளிவரும் ரத்தத்தைச் சோதித்தார். அதில் சர்க்கரை இருந்தது. இனிப்பைக் கண்ணால் காணாத நாயின் ஈரலில் இனிப்பு! பிறகு, கழுவிக் கழுவிச் சர்க்கரையே இல்லாமல் செய்த ஓர் ஈரல் மறுநாள் தானாகவே இனிப்பதையும் கண்டார். ஈரல் ஒரு சர்க்கரைப் பண்டசாலை என்பது அப்படித்தான் தெரியவந்தது. மூளையின் அடியில் ஓர் இடத்தில் ஊசியால் குத்தினால் பிராணியின் சிறுநீரில் சர்க்கரை இறங்குவதை 1849-இல் காட்டினார். ரத்தம் கொட்டுகிற நாயின் உடம்பில் மிச்சமிருக்கும் ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது என்று 1877-இல் வெளியான தம்முடைய பிரசங்கங்களில் சொன்னார்.

இந்தக் கடைசிச் செய்தியில் என் கேள்விக்கு விடை இருந்தது. பயமும் காயமும் பட்ட உடம்பு ஓடத் தயாராகிறது. ஓட எரிபொருள் வேண்டும். அட்ரினலினும் அதன் கூட்டாளிகளும் ஈரலின் கதவைத் திறந்து விடுகிறார்கள். இன்சுலின் போடுகிற கூச்சல் யார் காதிலும் விழுவதில்லை. புலியிடமிருந்து தப்பி ஓடுகிறவனுக்கு இது மகா உபகாரம். மேஜைமேல் மல்லாந்து படுத்திருக்கிற அத்தை எங்கே ஓடப் போகிறாள்? திறந்த சர்க்கரை ரத்தத்திலேயே நிற்கிறது. கத்தி வைப்பதற்கு முன்பே, வைக்கப் போகிறார்கள் என்ற பயத்திலேயே, கொஞ்சம் ஏறிவிடுகிறது. அதன்மேல்தான் நாம் பாட்டிலைத் தொங்க விடுகிறோம்.

பாட்டிலுக்குள் சர்க்கரை புகுந்தது எப்படி என்பதைச் சொல்ல வேண்டும். வெறும் தண்ணீரைச் சிரையில் விட்டால் ரத்தத்தின் சிவப்பு அணுக்கள் ஊதி வெடித்துவிடும். லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருந்தால் ஊதவும் மாட்டா, சுருங்கவும் மாட்டா என்று ஹாம்பர்கர் என்ற டச்சு விஞ்ஞானி 1890-களில் கணக்கிட்டார். லண்டனில் ஸிட்னி ரிங்கர் 1880-களிலேயே தவளையின் இருதயத்தைத் துடிக்க வைக்கிற உப்புநீரைத் தேடியபோது, உதவியாளர் வடித்த நீருக்குப் பதிலாகக் குழாய்த் தண்ணீரில் கரைத்துவிட்ட சோம்பேறித்தனத்தால் சுண்ணாம்புச் சத்தின் அவசியத்தைக் கண்டுபிடித்தார். சோம்பேறிகளுக்கு விஞ்ஞானத்தில் இன்னும் நல்ல இடம் கொடுத்திருக்கலாம். சர்க்கரைக்கும் அதே அணுக் கணக்குத்தான். நூற்றுக்கு ஐந்து பங்கு சர்க்கரை கலந்தால் அணு வெடிக்காது. ஐந்து என்கிற எண் தெம்புக்காக வந்ததே இல்லை! உள்ளே போனதும் சர்க்கரை எரிந்துபோகிறது, தண்ணீர் மிஞ்சுகிறது. தண்ணீரைப் பத்திரமாகச் சிரைக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிற வாகனம் அது. அரை லிட்டர் பாட்டிலில் இருக்கிற சக்தி சுமார் 85 கலோரி. ஒன்றிரண்டு இட்லிக்குச் சமம். "குளுகோஸ் ஏத்தினதும் எழுந்து உட்கார்ந்துட்டார்" என்று நம் ஊரில் சொல்கிறோமே, எழுந்து உட்கார வைத்தது பெரும்பாலும் அந்தத் தண்ணீர்தான்.

உடம்பு எவ்வளவு சர்க்கரையை எவ்வளவு வேகத்தில் தாங்கும்? சிகாகோவில் வுட்யாட் என்பவரும் கூட்டாளிகளும் 1915-இல் அளந்தார்கள். சிறுநீரில் இறங்காமல் மணிக்கு ஒரு கிலோ எடைக்கு 0.85 கிராம் வரை தாங்குகிறது. அறுபது கிலோ ஆளுக்கு மணிக்கு 50 கிராம். அதாவது ஒரு லிட்டர் பாட்டில். இது சௌக்கியமாக, பயமில்லாமல் படுத்திருக்கிறவனுக்குச் சொன்ன கணக்கு என்பதை மட்டும் பிற்காலத்தார் மறந்துவிட்டார்கள். காய்ச்சி வடித்த நீரிலும் கிருமிகள் விட்டுப்போன விஷம் இருந்து குளிர் ஜுரத்தை உண்டாக்கியதை 1923-இல் ஃபிளாரன்ஸ் ஸீபர்ட் என்ற அமெரிக்கப் பெண்மணி கண்டுபிடித்தார். நியூ ஆர்லியன்ஸில் மாட்டாஸ் என்ற சத்திர சிகிச்சை நிபுணர் 1924-இல் இடைவிடாமல் சொட்டுச் சொட்டாக ஏற்றும் முறையை எழுதினார். 1930-களில் பாட்டில்கள் கம்பெனியில் தயாராகி வந்தன. இரண்டாம் யுத்த சமயத்தில் பாஸ்டனைச் சேர்ந்த கேம்பிள், கப்பல் கவிழ்ந்து மிதவையில் தத்தளிக்கிற மாலுமிக்கு எதைக் கொடுக்கலாம் என்று ஆராய்ந்தார். பட்டினி கிடக்கிறவனுக்குத் தினம் 100 கிராம் குளுகோஸ் கொடுத்தால் அவன் தன் சதையைத் தானே எரிப்பது ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்று கண்டார். நூறு கிராம் என்றால் இரண்டு லிட்டர் பாட்டில் நீர். மிதவையிலிருந்து அந்தக் கணக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு வந்து சேர்ந்தது.

கட்டிலிலும் பட்டினிக்காரர்கள் இருந்தார்களே! பிரசவத்தின்போது மயக்க மருந்தில் வாந்தி நுரையீரலுக்குள் போன 66 பெண்களைப் பற்றி மெண்டல்ஸன் என்ற நியூயார்க் டாக்டர் 1946-இல் எழுதினார். நியாயமான பயம். அது பரவி, நள்ளிரவுக்குப் பிறகு ஒரு மிடறு தண்ணீரும் கூடாது என்கிற சட்டமாகிவிட்டது. பட்டினி போடு, பட்டினிக்குப் பரிகாரமாகக் குளுகோஸ் ஏற்று. அத்தைக்கு நடந்தது இந்தச் சடங்குதான்.

சடங்கை 1970, 80-களில் சிலர் சோதித்துப் பார்த்தார்கள். ராத்திரி முழுவதும் பட்டினி கிடந்த ஆரோக்கியமான பெரியவர்களுக்குச் சர்க்கரையே இல்லாத உப்புநீரை ஏற்றினாலும் ரத்தச் சர்க்கரை அபாயமாகக் கீழே போவதில்லை. பெர்னார் கண்ட பண்டசாலை அதைப் பார்த்துக்கொள்கிறது. குளுகோஸ் நீரை வேகமாக ஏற்றினாலோ, நீரிழிவு இல்லாதவர்களுக்கும் நீரிழிவுக்காரர்களின் எண் வந்துவிடுகிறது. அதனால் என்ன, இரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடுமே என்று கேட்கலாம். அந்த இரண்டு மணி நேரத்தில் இருதயம் நின்று மூளைக்கு ரத்தம் தடைப்பட்டால்? குரங்குகளில் செய்த சோதனைகளில், முன்கூட்டிக் குளுகோஸ் ஏற்றியவற்றின் மூளை மற்றவற்றைவிட மோசமாகச் சேதமடைந்தது. பிராணவாயு இல்லாத இடத்தில் சர்க்கரை எரியாமல் புளித்து அமிலமாகிறது. சர்க்கரை மிகுந்த ரத்தத்தில் வெள்ளை அணுக்களும் மந்தமாகிவிடுகின்றன. காயத்தில் சீழ் வைக்க இடம் கிடைக்கிறது.

பெரியவர்களின் ஆபரேஷனுக்குக் குளுகோஸ் பாட்டில் மெல்லப் பின்வாங்கி, ஹார்ட்மன் நீர் முன்னால் வந்தது. செயின்ட் லூயிஸ் நகரத்துக் குழந்தை வைத்தியர் ஹார்ட்மன், பேதியால் வாடும் சிசுக்களுக்காக 1932-இல் ரிங்கரின் நீரில் லாக்டேட் என்ற உப்பைச் சேர்த்துச் செய்தது அது. அதிலும் ஒரு வழக்கு முளைத்தது. ஈரல் லாக்டேட்டைச் சர்க்கரையாக மாற்ற வல்லது. ஆகவே நீரிழிவுக்காரர்களுக்கு இதுவும் சர்க்கரையை ஏற்றும் என்று தாமஸ், ஆல்பர்ட்டி என்ற இரண்டு டாக்டர்கள் 1978-இல் எழுதினார்கள். பல வருஷம் பலரும் ஹார்ட்மன் பாட்டிலைக் கண்டு பயந்தார்கள். பின்னால் வந்தவர்கள் பென்ஸிலை எடுத்துக் கணக்குப் போட்டார்கள். ஒரு லிட்டரில் உள்ள லாக்டேட் முழுவதும் சர்க்கரையாக மாறினாலும் இரண்டரை கிராமுக்குச் சற்று மேலேதான். குளுகோஸ் பாட்டிலில் லிட்டருக்கு ஐம்பது. வழக்குத் தள்ளுபடி ஆயிற்று என்றே சொல்லலாம்.

இதையெல்லாம் படித்துவிட்டுப் பாட்டிலில் சர்க்கரையே பாவம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நான் ஒரு வாரம் அப்படித்தான் கட்டியிருந்தேன். அந்தக் கிழ டாக்டரைத் திரும்பப் பார்த்தபோது அவர் சிரித்தார். இன்சுலினையே நம்பி உயிர் வாழ்கிறவர்களுக்கு அதை நிறுத்தினால் உடம்பு தன் கொழுப்பையே எரித்து அமிலத்தில் மூழ்கும். இன்சுலின் கொடுத்துச் சர்க்கரை கொடுக்காவிட்டால் சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போகும். விழித்திருக்கிறவன் வியர்க்கிறது, படபடக்கிறது என்று சொல்லுவான். மயக்கத்தில் கிடப்பவன் என்ன சொல்லுவான்? அதே ஆல்பர்ட்டியும் தாமஸும்தான் 1979-இல் குளுகோஸ், இன்சுலின், பொட்டாஸியம் மூன்றையும் ஒரே பையில் கலந்து ஏற்றும் முறையை எழுதினார்கள். சொட்டு நின்றால் மூன்றும் நிற்கும். ஓடினால் மூன்றும் ஓடும். எவ்வளவு எளிய யோசனை! பச்சைக் குழந்தைகளுக்கும் பண்டசாலையில் கையிருப்பு குறைவு. அவர்களுக்குக் கொஞ்சம் சர்க்கரை வேண்டியே இருக்கிறது.

அடக்குவதிலும் ஆசை அளவு மீறிற்று. தீவிர சிகிச்சையில் இருப்பவர்களின் சர்க்கரையை 80-க்கும் 110-க்கும் நடுவில் இறுக்கிப் பிடித்தால் சாவு குறைகிறது என்று பெல்ஜியத்தின் லூவன் நகரிலிருந்து 2001-இல் செய்தி வந்ததும் உலகமே இன்சுலினைத் தூக்கிக்கொண்டு ஓடிற்று. எட்டு வருஷம் கழித்து ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர்களை வைத்துச் செய்த சோதனை முடிவு வெளியாயிற்று. நைஸ்-ஷுகர் என்று வேடிக்கையான பெயர் அதற்கு. இறுக்கிப் பிடித்தவர்களில் 27.5 சதவிகிதமும், 180-க்குள் இருந்தால் போதும் என்று விட்டவர்களில் 24.9 சதவிகிதமும் இறந்திருந்தார்கள். பிடி தளர்ந்தது.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த திருப்பம் ஸ்வீடனில் நடந்தது. ஸ்டாக்ஹோமைச் சேர்ந்த ஓலே யுங்க்விஸ்ட் என்ற சத்திர வைத்தியர் எலிகளில் ஒரு விஷயத்தைக் கவனித்தார். ரத்தம் கொட்டும்போது, வயிறு நிறையத் தின்றிருந்த எலி பிழைத்தது. ஒரு நாள் பட்டினி கிடந்த எலி செத்தது. அப்படியானால் நாம் ஏன் நோயாளியைப் பட்டினி போட்டுக் கத்தியிடம் அனுப்புகிறோம்? பித்தப்பை ஆபரேஷனுக்கு வந்த சிலருக்கு முதல் நாள் இரவு முழுவதும் குளுகோஸைச் சிரையில் ஏற்றிப் பார்த்து 1994-இல் முடிவை வெளியிட்டார். ஆபரேஷனுக்குப் பிறகு இன்சுலினுக்கு உடம்பு கட்டுப்படுகிற தன்மை பட்டினிக்காரர்களுக்குப் பாதிக்கு மேல் விழுந்துவிட்டது. குளுகோஸ் ஏற்றியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்குதான் விழுந்தது. கத்தி படுகிற வேளையில் அவசரமாக ஏற்றினால் தீமை செய்கிற அதே சர்க்கரை, முந்தின இரவே நிதானமாக ஏற்றினால் நன்மை செய்கிறது! பட்டினிக் கோலத்தில் இருந்த உடம்பு, சாப்பிட்ட உடம்பாக மாறி, இன்சுலினை வரவழைத்துத் தயாராக நிற்கிறது.

இரவு முழுவதும் ஊசியோடு கிடப்பானேன், குடித்தால் போதாதா என்று அடுத்தபடியாகக் கேட்டார்கள். ஆபரேஷனுக்கு இரண்டு மணி நேரம் முன்னால் 400 மில்லி மாச்சர்க்கரை நீர். அதில் 50 கிராம். தெளிந்த பானங்கள் அத்தனை நேரத்தில் வயிற்றை விட்டு இறங்கிவிடுகின்றன என்று தெரிந்து, அமெரிக்க மயக்கவியல் சங்கமும் 1999-இல் இரண்டு மணி நேரம் என்று வரம்பு வகுத்தது. நள்ளிரவுச் சட்டம் புஸ்தகத்தில் ஒழிந்தது. பல ஆஸ்பத்திரி வார்டுகளில் இன்னும் ஒழியவில்லை. அந்தப் பானம் குடித்தவர்கள் சற்று முன்னதாக வீடு திரும்புகிறார்கள். மற்றச் சிக்கல்கள் குறைகின்றனவா என்பது ருசுவாகவில்லை. நீரிழிவுக்காரர்களுக்குக் கொடுக்கலாமா என்பதில் டாக்டர்களுக்குள் இன்னும் சண்டை.

இந்தப் புராணத்தை ஒரு மத்தியானம் அத்தையிடம் சொன்னேன். குரங்கு, நாய், எலி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்போ அன்னிக்குக் காலையிலே எனக்குப் பாலில்லாத காபி ஒரு டம்ளர் கொடுத்திருக்கலாம்னு சொல்லு" என்றாள்.

"ரெண்டு மணி நேரம் முன்னாடின்னா கொடுத்திருக்கலாம், அத்தை."

"சர்க்கரை போட்டு?"

"அதைத்தான் இன்னும் பேசிண்டிருக்கா."

"பேசி முடிக்கட்டும். எனக்கு இன்னொரு கல் வராமலா போகும்?" என்று எழுந்து உள்ளே போனாள், அடுப்பில் டிகாக்ஷனுக்குத் தண்ணீர் வைக்க.